நான்கு குதிரைகளும் ஏன் ஒரே நிறம்? டியூரரின் 1498 மரச்செதுக்குப் படம் பற்றி

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உறவினர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வாங்கி வந்து கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நான்கு பேர் குதிரையில் பாய்ந்து வருகிறார்கள், கீழே ஆட்கள் மிதிபடுகிறார்கள், அடியில் ஏ என்ற ஆங்கில எழுத்தின் கால்களுக்கு நடுவே டி என்ற எழுத்து இருக்கிறது. வேதாகமத்தில் வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மங்கல் என்று நான்கு நிறம் சொல்லியிருக்க, படத்தில் எல்லாக் குதிரையும் ஒரே மாதிரி இருக்கிறதே, வண்ண அச்சு தெரியாத காலம் என்பதால் விட்டுவிட்டார்களா, அப்படியானால் எது எந்தக் குதிரை, இவ்வளவு நுணுக்கத்தை மரத்தில்தான் செதுக்கினார்களா, இது அசலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிறத்தைப் பற்றிய கேள்விதான் இதில் முக்கியமானது. அதற்கு என் பதில்: வண்ணம் தெரியாமல் விட்டதில்லை, வேண்டாம் என்று முடிவெடுத்து விட்டது. அந்த முடிவில்தான் இந்தப் படத்தின் பெருமையே இருக்கிறது. சரி, அடிப்படையிலிருந்து வருகிறேன்.

படத்தை வரைந்தவர் ஆல்பிரெக்ட் டியூரர். 1471-ல் நியூரம்பர்க் நகரத்தில் பிறந்தவர், 1528-ல் அங்கேயே இறந்தார். அப்பா ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர், மகனுக்கும் முதலில் கற்றுக்கொடுத்தது அந்தத் தொழில்தான். ஏ, டி எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். படம் வெளிவந்த வருடம் 1498, அப்போது அவருக்கு 27 வயது. இது தனிப்படம் இல்லை, வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்துக்கு (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் வெளிப்படுத்தின விசேஷம், கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் திருவெளிப்பாடு) அவர் வரைந்த 15 பெரிய படங்களில் ஒன்று. ஒவ்வொன்றும் சுமார் 39 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம். இன்றைய ஏ4 தாளைவிட நல்ல பெரிது. மற்ற பதினான்கையும் விட்டுவிட்டு உலகம் இந்த ஒன்றையே திரும்பத் திரும்ப அச்சடிப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

வசனம் ஆறாம் அதிகாரத்தில் வருகிறது. ஆட்டுக்குட்டியானவர் (இயேசுவைத்தான் அப்படிச் சொல்கிறது) ஒரு சுருளின் முத்திரைகளை ஒவ்வொன்றாக உடைக்கிறார், ஒவ்வொரு முத்திரைக்கும் ஒரு குதிரை புறப்படுகிறது. முதலில் வெள்ளைக் குதிரை, அதில் இருப்பவன் கையில் வில், தலைக்குக் கிரீடம். இரண்டாவது சிவப்பு, பூமியிலிருந்து சமாதானத்தை எடுத்துப்போட வந்தவன், கையில் பெரிய பட்டயம், அதாவது வாள். மூன்றாவது கறுப்பு, கையில் தராசு. நான்காவதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இப்படிச் சொல்கிறது: "மங்கின நிறமுள்ள ஒரு குதிரையைக் கண்டேன், அதின்மேல் ஏறியிருந்தவனுக்கு மரணம் என்று பெயர், பாதாளம் அவன்பின் சென்றது." அந்த "மங்கின" என்ற சொல்லுக்கு மூலக் கிரேக்கத்தில் இருப்பது குளோரோஸ், குளோரோஃபில் என்ற சொல்லுக்கும் வேர் அதுதான். நோயாளியின் முகத்தில் பார்ப்போமே, வெளிறிப்போன ஒரு பச்சை, அந்த நிறம்.

நான்கு வசனம், நான்கு நிறம். வேதாகமத்தில் இவ்வளவு தூரம் நிறத்தை நம்பி நடக்கிற இடங்கள் குறைவு. அதைப் போய் ஒரே ஒரு கறுப்பு மையில் சொல்ல ஒருவர் முன்வந்தார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள்.

எது எந்தக் குதிரை என்பதற்குக் கையைப் பார்த்தால் போதும். குதிரைகள் இடமிருந்து வலமாகப் பாய்கின்றன. வலது மேல் மூலையில், நம்மிடமிருந்து எல்லாரையும்விடத் தள்ளி, வில்லை இழுத்துப் பிடித்தபடி போகிறவன் முதல் முத்திரையின் ஆள், வெள்ளைக் குதிரை. அவனுக்கு அடுத்து வாளை ஓங்கியிருப்பவன் சிவப்பு. படத்தின் நடுவில், எல்லாரையும்விடப் பெரியவனாக, தராசைப் பின்பக்கமாக வீசிப் பிடித்திருப்பவன் கறுப்பு. இடது கீழ்ப்பக்கம், நமக்கு மிக அருகில், எலும்பும் தோலுமான ஒரு கிழட்டுக் குதிரையில் வருகிற தாடிக்காரன்தான் மரணம். ஆக ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற வசனத்தின் வரிசை அப்படியே இருக்கிறது, ஆனால் வரிசை காலத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. முதலில் புறப்பட்டவன் முன்னே தூரமாகப் போய்விட்டான், கடைசியாகப் புறப்பட்டவன் இப்போதுதான் நம் காலடிக்கு வந்து சேர்ந்திருக்கிறான். வசனத்தில் அவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், டியூரர் நான்கு பேரையும் ஒரே பாய்ச்சலில் சேர்த்துவிட்டார். மேலே ஒரு தேவதூதன் அவர்களோடு சேர்ந்து பறக்கிறான்.

இதற்கு முன்னால் வந்த படத்தோடு ஒப்பிட்டால் அவர் செய்தது என்ன என்று சட்டென்று புரியும். 1478 வாக்கில் கொலோன் நகரத்தில் படங்களோடு ஒரு வேதாகமம் அச்சானது. அதன் மரக்கட்டைகளை நியூரம்பர்க்கின் பெரிய அச்சகக்காரர் அன்டோன் கோபர்கர் வாங்கி 1483-ல் தன்னுடைய ஜெர்மன் வேதாகமத்தில் மறுபடி அச்சடித்தார். அதிலும் இந்த நான்கு பேரும் உண்டு. அகலமான சின்னப் படம், ஆட்கள் பக்கவாட்டில் பரவி நிற்கிறார்கள், ஒவ்வொருவனும் தன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தான் யார் என்று அறிவிக்கிறான், அவ்வளவுதான். அந்த கோபர்கர் டியூரருக்கு ஞானத்தகப்பன், ஆகவே டியூரர் சின்ன வயதிலிருந்தே இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர் என்று தாராளமாக நம்பலாம். அகலப் படத்தை உயரப் படமாகத் திருப்பி, பரவி நின்ற ஆட்களை ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கி, ஓட விட்டார். சட்டத்துக்குள் இடம் போதாமல் குதிரைகள் திணறுவது மாதிரி இருக்கும், அந்த நெருக்கடிதான் வேகமாகக் கண்ணில் படுகிறது.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் மரச்செதுக்கு அச்சுக்கு வண்ணம் போடுவது சர்வசாதாரணம். அச்சடித்த பிறகு கையால், தண்ணீர் வண்ணத்தில் தீட்டுவார்கள், அதற்கென்றே தனித் தொழிலாளிகள் இருந்தார்கள். டியூரர் 1486 முதல் 1489 வரை பயிற்சி பெற்ற, நியூரம்பர்க் ஓவியர் வோல்கெமுட்டின் பட்டறைதான் பிறகு 1493-ல் கோபர்கர் வெளியிட்ட பெரிய உலக வரலாற்று நூலுக்குப் படம் செய்தது: 645 மரக்கட்டைகள், அவற்றைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1,809 படங்கள். அந்த நூல் வண்ணம் தீட்டியும் விற்பனையானது, தீட்டாமலும் விற்பனையானது. அந்தப் படங்களைப் பாருங்கள்: வெளிக்கோடு தடிமனாக இருக்கும், உள்ளே நிழலுக்குக் கொஞ்சம் கோடு, மீதி எல்லாம் வெறும் காகிதம். வண்ணம் வந்து நிரப்பட்டும் என்று விட்டு வைத்த இடம் அது. வண்ணம் இல்லாமல் பார்த்தால் பாதியில் நிறுத்தின மாதிரி இருக்கும்.

டியூரரின் படத்தில் அப்படி காலியாக விட்ட இடமே கிடையாது. குதிரையின் வயிற்றில் வளைந்து வளைந்து போகும் கோடுகள், துணி மடிப்பில் நெருங்கிக் கறுத்து விளிம்பில் மெலிந்து மறைகிற கோடுகள், வானத்தில் பக்கவாட்டில் நேராக அடுக்கிய கோடுகள். வானத்துக் கோடுகளை மட்டும் ஒரு நிமிடம் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் அவை கோடாகத் தெரியாது, ஒரு சாம்பல் நிறமாகத் தெரியும். அந்தச் சாம்பல் இருப்பதால்தான் அதற்கு மேல் வெறும் காகிதமாக விட்ட குதிரையின் முகமும் பறக்கிற துணியும் வெளிச்சம் அடித்த மாதிரி பளிச்சென்று முன்னே வருகின்றன. வெள்ளைக் காகிதத்தில் வெள்ளையைக் காட்ட வேண்டுமென்றால் முதலில் ஒரு சாம்பலை உண்டாக்க வேண்டும். அதே வானத்துக் கோடுகள் இன்னொரு வேலையும் செய்கின்றன, குதிரைகள் ஓடுகிற திசையிலேயே அவையும் ஓடுகின்றன.

இப்படிக் கோட்டாலேயே நிரப்பின படத்தின் மேல் வண்ணம் தீட்டினால் கெட்டுத்தான் போகும். அப்படியும் சிலர் தங்கள் பிரதிகளுக்கு வண்ணம் போட்டுக்கொண்டார்கள், பழக்கம் அப்படி. ஆனால் டியூரர் இறந்த அதே 1528-ல் அறிஞர் எராஸ்மஸ் அவரைப் புகழ்ந்து எழுதியதில் சரியாக இந்த இடத்தைத்தான் தொட்டார். பழைய கிரேக்க ஓவியர் அப்பெல்லீஸுக்கு வண்ணத்தின் துணை இருந்தது, டியூரரோ வெறும் கறுப்புக் கோட்டைக்கொண்டே நிழல், ஒளி, நெருப்பு, இடி, மின்னல், மனித மனதின் உணர்ச்சி எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார், அதன்மேல் வண்ணம் பூசினால் படத்துக்குக் கேடு செய்ததாகும் என்பது அவர் சொன்னதன் சாரம். பார்க்கத் தெரிந்தவர் சொன்ன வார்த்தை அது.

அடுத்து, மரம்தானா என்ற கேள்வி. ஆமாம், மரம்தான். நல்ல நெருக்கமான ரேகை உள்ள மரம், பெரும்பாலும் பேரிக்காய் மரம் என்று சொல்வார்கள். மரத்தை நீளவாக்கில் அறுத்து இழைத்த பலகை. ரப்பர் ஸ்டாம்பு எப்படி வேலை செய்கிறதோ அதே முறைதான்: மேடாக இருப்பதில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. ஆக, படத்தில் நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு கறுப்புக் கோடும் செதுக்கியது இல்லை, செதுக்காமல் விட்டது. செதுக்கியெடுத்தது எல்லாம் வெள்ளை. இதை மனதில் வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். பேனாவால் ஒரே இழுப்பில் போடுகிற ஒரு கோட்டை மரத்தில் நிற்கவைக்க, அதன் ஒரு பக்கம் கத்தியைச் சாய்த்து ஒரு வெட்டு, எதிர்ச் சாய்வில் இன்னொரு வெட்டு, நடுவில் இருக்கும் சின்ன மரச்சீவல் எழுந்து வரும். அப்புறம் கோட்டின் மறுபக்கமும் அதே இரண்டு வெட்டு. ஒரு கோட்டுக்கு நான்கு வெட்டு. கோடும் கோடும் குறுக்கே வெட்டிக்கொள்கிற இடம் என்றால், நடுவில் வருகிற ஒவ்வொரு சின்னக் கட்டத்தையும் தனித்தனியாகத் தோண்டியெடுக்க வேண்டும்.

நான் சில வருடங்கள் மரப்பலகையில் செதுக்கிப் பழகியவன், அதனால் இதைக் கை அனுபவமாகவே சொல்ல முடியும். ஒருமுறை ஒரு மீனின் முதுகுக்கு இதே மாதிரி ஆறேழு வளைகோடு போட ஆசைப்பட்டேன். நாலாவது கோட்டில் கத்தி மரத்தின் ரேகையோடு சேர்ந்து வழுக்கியது, கோடு அப்படியே ஒரு தீக்குச்சி நீளத்துக்குப் பெயர்ந்து கையில் வந்துவிட்டது. பெயர்ந்த கோட்டை ஒட்ட முடியாது. அந்தக் காலத்திலும் இது நடக்கும், நடந்தால் அந்த இடத்தைச் சதுரமாக வெட்டியெடுத்துவிட்டு ஒரு சின்ன மரத்துண்டை இறுக்கிச் செருகி, மேலே இழைத்து, மறுபடி செதுக்குவார்கள். அன்றைக்கு அந்தப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு டியூரரின் குதிரை வயிற்றைப் பார்த்தபோது வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. மயிர்க்கோடு ஒன்று தடித்து, வளைந்து, மறுபடி மெலிந்து ஒரு புள்ளியில் முடிகிறது, அடுத்த கோடு அதற்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி அதே வளைவில் வருகிறது.

இதோடு இன்னொரு சிரமமும் உண்டு. அச்சில் எல்லாம் இடவலம் மாறும். காகிதத்தில் வலப்பக்கம் பாய்கிற குதிரை பலகையில் இடப்பக்கம் பாயும். அடியில் உள்ள டி எழுத்து பலகையில் திரும்பி இருக்கும்.

கத்தியைப் பிடித்தது டியூரரேதானா என்று கேட்டால், ஆராய்ச்சியாளர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் இன்னொருவர் என்பதுதான் அன்றைய நடைமுறை, பிற்காலத்தில் பேரரசர் மாக்ஸிமிலியனுக்காக அவர் வடிவமைத்த வெற்றி வளைவு என்ற பிரம்மாண்டமான அச்சுப் படத்தின் கட்டைகளை ஹிரோனிமஸ் ஆண்ட்ரேயே என்ற தொழில்முறைச் செதுக்குக்காரர் செதுக்கினார். ஆனால் இந்தப் பதினைந்து படங்களும் இளவயதில் செய்தவை, இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்க அன்றைக்கு ஆளே இருந்திருக்காது, அவரே செதுக்கியிருப்பார் அல்லது பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரைப் பழக்கியிருப்பார் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கருத்தின் பக்கம்தான் சாய்வு. பொற்கொல்லரிடம் வளர்ந்த கை, உலோகத்தில் கோடு எப்படித் தடித்து மெலியும் என்று தெரிந்த கை, மரத்திலும் அதையே கேட்டிருக்கிறது. செப்புத் தகட்டில் மட்டும் வரும் என்று எல்லாரும் நினைத்திருந்த கோடு அது.

செப்புத் தகட்டிலேயே செய்திருக்கலாமே என்று தோன்றும். தகட்டில் மை பள்ளத்துக்குள் இருக்கும், அதைக் காகிதத்துக்கு இழுக்க உருளை அழுத்தம் வேண்டும், எழுத்தோடு சேர்த்து அச்சடிக்க வராது. மரக்கட்டையோ ஈய எழுத்தின் உயரத்துக்கே நிற்கும், ஒரே அச்சு எந்திரத்தில் எழுத்தையும் படத்தையும் அடிக்கலாம். டியூரருக்கு அது தேவைப்பட்டது, ஏனென்றால் அவர் செய்தது புத்தகம். தாளின் ஒரு பக்கம் முழுக்கப் படம், பின்பக்கம் இரண்டு பத்தியாக வேதாகம வாசகம். திறந்து வைத்தால் இடப்பக்கம் வாசகம், வலப்பக்கம் படம். 1498-ல் ஒரே சமயத்தில் ஜெர்மனில் ஒரு பதிப்பு, லத்தீனில் ஒரு பதிப்பு. எழுத்து கோபர்கருடையது, ஆனால் வெளியிட்டவர் என்று அச்சிட்டிருப்பது "ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர்" என்று. பதிப்பாளர் கூலிக்குப் படம் வரையச் சொல்வதுதான் வழக்கம். இங்கே ஓவியரே முதல் போட்டு, தானே வெளியிட்டு, தானே விற்றார். 27 வயதில் அது பெரிய துணிச்சல்.

1500-ஆம் வருடம் நெருங்கியதால் உலகம் முடியப் போகிறது என்று மக்கள் பயந்து கிடந்தார்கள், அதனால்தான் இந்தப் படங்கள் வந்தன என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அந்த ஒரு விளக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போர், பஞ்சம், கொள்ளைநோய் மூன்றையும் தெரிந்துகொள்ள அந்த நகரத்துக்காரருக்கு எந்த வருடக் கணக்கும் தேவையில்லை. டியூரரின் அம்மா பார்பரா பெற்றது 18 பிள்ளைகள். பெரியவர்களாகி நிலைத்தது மூன்று பேர். 1514-ல் அம்மா இறந்தபோது டியூரர் எழுதி வைத்த குறிப்பில், அவர் பலமுறை கொள்ளைநோயில் கிடந்து பிழைத்தவர் என்று சொல்கிறார். அந்த அம்மாதான் மகனுடைய அச்சுப் படங்களை நியூரம்பர்க் திருவிழாச் சந்தையில் விற்றவர். 1506-ல் வெனிஸிலிருந்து எழுதிய கடிதத்தில்கூட அம்மா திருவிழாவில் விற்பனையைக் கவனிக்க வேண்டும் என்று நினைவூட்டுகிறார். மனைவி ஆக்னெஸ் ஃபிராங்க்ஃபர்ட் சந்தை வரை போய் விற்றார். மரணம் என்பவன் குதிரையில் வந்து போன வீடு அது. அந்த நான்காவது ஆளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

வழக்கமான படங்களில் மரணம் ஒரு எலும்புக்கூடாக வரும். இங்கே அப்படி இல்லை. சதை வற்றிய கிழவன், தாடி, நிலைகுத்திய கண், கையில் முட்கரண்டி போல மூன்று முனை உள்ள ஆயுதம். வசனம் அவனுக்கு எந்த ஆயுதத்தையும் கையில் கொடுக்கவில்லை, டியூரர் கொடுத்திருக்கிறார். பார்த்தால் வைக்கோல் அள்ளுகிற ஆள் மாதிரி இருக்கிறான். மற்ற மூன்று குதிரைகளும் கொழுத்த குதிரைகள், காற்றில் மிதக்கின்றன. இவனுடைய குதிரைக்கு மட்டும் உடம்பில் சதையே இல்லை, அது தரையோடு ஒட்டி வருகிறது. "மங்கின நிறம்" எங்கே என்று கேட்டீர்களே, இதோ இங்கே இருக்கிறது. நிறத்தால் சொல்ல முடியாததை மெலிவால் சொல்லியிருக்கிறார். நோயாளியின் நிறம் நோயாளியின் உடம்பாக மாறிவிட்டது.

"பாதாளம் அவன்பின் சென்றது" என்ற வாசகம் இடது கீழ் மூலையில் இருக்கிறது. பெரிய மிருகத்தின் வாய், திறந்து கிடக்கிறது, அதற்குள் ஒருவன் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறான். அவன் தலையில் உயரமான தலையணி. ஆயருடைய (பிஷப்பின்) மகுடம் என்று சிலர் சொல்வார்கள், பேரரசனின் கிரீடம் என்று சிலர். எப்படியானாலும் பெரிய இடத்து ஆள், முதலில் உள்ளே போகிறவன் அவன்தான். மிதிபடுகிறவர்களில் ஒரு பெண் இருக்கிறாள், உச்சந்தலை மழித்த ஒருவர் இருக்கிறார், விழுந்தபடியே கையை மேலே தூக்கித் தடுக்கப் பார்க்கிற ஒருவர் இருக்கிறார். யாரும் திரும்பிச் சண்டை போடவில்லை, அதற்கு நேரமே இல்லை.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த ஆள் நடுவில் இருக்கும் தராசுக்காரன். இவன் பஞ்சத்தின் ஆள். பஞ்சம் என்று சொன்னால் ஒட்டிய வயிற்றோடு ஒருவனைத்தான் எதிர்பார்ப்போம். இவன் நன்றாக உடுத்திய, உடம்பு வற்றாத ஆள், படத்திலேயே அதிக இடம் அவனுக்குத்தான். ஏன் என்று வசனத்தைப் படித்தால் புரியும்: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே. அந்த ஒரு பணம் அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. நாள் முழுக்க உழைத்தால் ஒரு ஆள் சாப்பிடத்தான் கோதுமை கிடைக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் வேண்டுமென்றால் வாற்கோதுமைக்கு இறங்க வேண்டும், பணக்காரர் மேசையில் எண்ணெயும் ரசமும் அப்படியே இருக்கும். விளைச்சல் பொய்த்த பஞ்சம் மட்டும் இல்லை இது, விலை ஏறின பஞ்சம். அப்படியானால் தராசு பிடித்தவன் மெலிந்திருக்க வேண்டியதில்லை. டியூரர் இப்படித்தான் நினைத்தாரா என்பதற்கு எழுத்து ஆதாரம் கிடையாது, இது என் வாசிப்பு, ஆனால் சந்தை நகரத்தில் வளர்ந்த ஒருவர் அந்த வசனத்தை இப்படிப் படித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தராசுத் தட்டுகளைப் பாருங்கள், ஓட்டத்தின் வேகத்தில் பின்னால் பறக்கின்றன. இவன் தராசைச் சாட்டை மாதிரிச் சுழற்றிப் பின்னே எடுத்திருக்கிறான், அடுத்த நொடி அது முன்னால் வந்து விழும்.

இதன் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1502-லேயே ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒருவர் மொத்தத் தொகுப்பையும் நகலெடுத்து விற்றார். 1511-ல் டியூரர் லத்தீன் பதிப்பை மறுபடி வெளியிட்டார், தலைப்புப் பக்கத்துக்குப் புதிதாக ஒரு படம் சேர்த்து. அதே வருடம் வெளியிட்ட மரியாளின் வாழ்க்கைத் தொகுப்பின் இறுதியில், அடுத்தவன் உழைப்பையும் அறிவையும் திருடுகிறவனே, இதில் கை வைக்காதே, பேரரசரின் உத்தரவு இருக்கிறது என்று கடுமையாக எச்சரிக்கை போட்டார். நகலெடுத்தவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு கோபம். 1522-ல் மதச் சீர்திருத்தவாதி லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு விட்டன்பர்க்கில் வந்தபோது அதன் கடைசிப் புத்தகத்துக்கு ஓவியர் கிரானாக்கின் பட்டறை போட்ட படங்களும் டியூரரைப் பார்த்துத்தான் செய்தவை. நெதர்லாந்துக்கு 1520, 1521-ல் போன பயணத்தில்கூட இந்தத் தொகுப்பைக் கையோடு கொண்டுபோய் விற்றும், பரிசாகக் கொடுத்தும் கணக்கு எழுதியிருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் விற்ற சரக்கு.

கடைசியாக, உங்கள் வீட்டுப் படம் அசலா என்பது. அருங்காட்சியகக் கடைகளில் விற்கும் பிரதியாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. சோதிப்பது எளிது. கடிகாரக்காரர் கண்ணில் வைக்கிற லென்ஸ் மாதிரி ஒன்று எடுத்து வானத்துக் கோடுகளைப் பாருங்கள். கோடு முழுவதும் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனதாகத் தெரிந்தால் அது நவீன அச்சு, அதோடு சோதனை முடிந்தது. புள்ளி இல்லாமல் கோடு அடர்த்தியாக, விளிம்பில் மை கொஞ்சம் பிதுங்கின மாதிரி இருந்தால், சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பழைய கையால் செய்த காகிதத்தில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே இடைவெளி விட்டுச் சில வரிகளும் தெரியும், சில தாள்களில் நீர்க்குறியும் இருக்கும். பின்பக்கம் இரண்டு பத்தியாக ஜெர்மனோ லத்தீனோ இருந்தால் அது 1498 அல்லது 1511 புத்தகத்திலிருந்து வந்த தாளாக இருக்கலாம். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் உடனே பொய் என்று சொல்லிவிட முடியாது, வாசகம் சேர்ப்பதற்கு முன் எடுத்த சோதனை அச்சுகளும் உண்டு, கட்டை தேய்ந்த பிறகு பிற்காலத்தில் எடுத்தவையும் உண்டு. பிற்கால அச்சுகளில் சட்டக்கோடு அங்கங்கே உடைந்திருக்கும், கறுப்பு அடர்ந்த இடத்தில் குண்டூசித் தலை அளவில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். மரக்கட்டையைப் பூச்சி அரித்த ஓட்டைகள் அவை, மை அங்கே ஒட்டாது. 19-ஆம் நூற்றாண்டில் நல்ல தரத்தில் செய்த நகல்களும் சுற்றுகின்றன. ஆகவே லென்ஸ் சோதனையில் தேறினால் நீங்களாக முடிவு செய்யாதீர்கள், பழைய அச்சுப் படங்களைக் கையாளும் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். அதுவரை வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், கண்ணாடி காகிதத்தை நேராகத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு இருக்கட்டும்.

புள்ளிப் புள்ளியாகத் தெரிந்து பிரதி என்று உறுதியானாலும் லென்ஸைக் கீழே வைத்துவிடாதீர்கள். தராசுக்காரனின் குதிரைக் கழுத்தில் தொடங்கி மரணத்தின் குதிரை விலாவுக்கு மெதுவாக நகர்த்துங்கள். ஒரே மை, ஒரே காகிதம். அந்தக் கழுத்தில் கோடுகள் நிரம்பி உருண்டு வருகின்றன, இந்த விலாவில் அதே கோடுகள் எலும்புக்கு எலும்பு அறுந்து நிற்கின்றன.